வாளையாறு தாண்டினால் பைக்குக்கு 60 தான்: கேரள எல்லையில் போலீஸ் கை காட்டினால் என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை மாலை லேப்டாப்பை மூடியதும் கோவை, திருப்பூர், மதுரை, தேனியில் இருந்து பைக்குகள் கேரளா பக்கம் திரும்புகின்றன. சிலர் வாளையாறு வழியாகப் பாலக்காடு, கொச்சி போகிறார்கள். சிலர் போடிமெட்டு ஏறி மூணாறு, குமுளி ஏறி தேக்கடி. மாநில எல்லையைத் தாண்டும் அந்த ஒரு நிமிடத்தில் சாலையும் மாறுகிறது, வேக வரம்பும் மாறுகிறது, அபராதத் தொகையும் மாறுகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு வாரம் கழித்து மொபைலுக்கு சலான் வரும்போதுதான், "நான் மெதுவாதானே போனேன்?" என்ற கேள்வி வருகிறது.

கேரளாவில் பைக்குக்கான வேக வரம்பு என்ன, ஏஐ கேமரா எதைப் பார்க்கிறது, போலீஸ் நிறுத்தினால் உங்கள் கடமை என்ன, உரிமை என்ன, நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேரளாவில் பைக் எவ்வளவு வேகம் போகலாம்?

கேரள அரசு 2023 ஜூலை 1 முதல் வேக வரம்புகளை மாற்றியது. பெரும்பாலான வாகனங்களுக்கு வரம்பு உயர்ந்தது. நான்கு வழி தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு 100 கி.மீ., ஆறு வழிச் சாலையில் 110 கி.மீ. வரை அனுமதி கிடைத்தது. இரு சக்கர வாகனத்துக்கு மட்டும் வரம்பு குறைந்தது. முன்பு 70 கி.மீ. ஆக இருந்தது 60 ஆனது. நகரப் பகுதிகளில் 50.

கேரளாவில் நடக்கும் விபத்துகளில் இரு சக்கர வாகனங்களின் பங்கு மிக அதிகம் என்பது அரசு சொன்ன காரணம்.

மத்திய அரசின் 2018 அறிவிப்பு நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு 80 கி.மீ. வரை உச்ச வரம்பு வைத்தது. ஆனால் அது உச்சம் மட்டுமே. அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் மாநிலங்கள் குறைத்துக்கொள்ளலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. "எங்க ஊர்ல 80 போலாமே சார்" என்ற வாதம் பாலக்காட்டில் எடுபடாது.

இதில் ஒரு நியாயமான சங்கடமும் இருக்கிறது. வாளையாறு–வடக்கஞ்சேரி சாலையில் கார்கள் சட்டப்படியே 100-ல் பறக்கும்போது, பைக் 60-ல் போக வேண்டும். வலது பக்கப் பாதையில் 60-ல் போனால் பின்னால் வரும் காருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. இடது பாதையை விடாமல் பிடித்துப் போவதுதான் இதற்கு வழி.

ஏஐ கேமரா எல்லாவற்றையும் பார்க்குமா?

பார்க்காது. 'சேஃப் கேரளா' திட்டத்தில் கேரள மோட்டார் வாகனத் துறை, மாநில அரசின் கெல்ட்ரான் நிறுவனம் மூலம் 726 கேமராக்களை வைத்தது. 2023 ஏப்ரல் 20-ல் முதல்வர் பினராயி விஜயன் தொடங்கி வைத்தார். ஜூன் 5-ல் இருந்து அபராதம் விதிக்கப்பட்டது.

அந்த 726-ஐப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட், ஓட்டும்போது மொபைல், பைக்கில் மூன்று பேர் போன்றவற்றுக்கானவை. 25 கேமராக்கள் தவறான பார்க்கிங்கை, 18 கேமராக்கள் சிக்னல் மீறலைக் கவனிக்கும். வேகத்தை அளப்பவை 8 மட்டும்தான். அதில் 4 ஓரிடத்தில் நிற்பவை, 4 வாகனத்தில் பொருத்தி இடம் மாறுபவை.

அதற்காக வேகத்துக்குக் கண்காணிப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இந்தத் திட்டத்துக்கு முன்பே நெடுஞ்சாலைகளில் வைக்கப்பட்ட வேகக் கேமராக்கள் தனியாக இருக்கின்றன. ரேடார் கருவியோடு ஓரமாக நிற்கும் இன்டர்செப்டர் வண்டிகளும் உண்டு.

இருந்தாலும் கேமரா என்பது ஒரு புள்ளி. மேப் செயலி "முன்னால் கேமரா" என்று சொன்னதும் பிரேக் பிடித்து, தாண்டியதும் முறுக்குகிறவர்கள் நிறைய. இதனால்தான் இரண்டு இடங்களுக்கு இடையே எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறைக்குப் பல நாடுகள் மாறின. இந்தியாவில் மும்பை–புனே விரைவுச் சாலையில் 2024-ல் இது நடைமுறைக்கு வந்தது. அந்த முறையில் கேமராவுக்கு முன்னால் மட்டும் மெதுவாகப் போவது பயன் தராது.

20 கி.மீ. கூட்டினால் கிடைப்பது என்ன?

வாளையாறில் இருந்து பாலக்காடு நகரம் சுமார் 25 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 60-ல் போனால் 25 நிமிடம். 80-ல் போனால் ஏறக்குறைய 19 நிமிடம். மிச்சம் 6 நிமிடம். ஒரு டீ குடிக்கும் நேரம். அதுவும் வழியில் எங்கும் பிரேக் பிடிக்காமல் போனால்தான்.

கொடுப்பது எவ்வளவு? திடீரென்று ஒரு மாடு குறுக்கே வருகிறது. அதைப் பார்த்து மூளை முடிவெடுத்து கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகிறது என்று கொள்வோம். 60-ல் போகும் வண்டி அந்த நேரத்தில் 25 மீட்டர் ஓடிவிடும். பிறகு காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 23 மீட்டர். மொத்தம் 48 மீட்டர்.

80-ல் போனால் முடிவெடுக்கும் முன் 33 மீட்டர், பிரேக் பிடித்த பிறகு 41 மீட்டர். மொத்தம் 74 மீட்டர். 60-ல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட இடத்தைத் தாண்டும்போது, 80-ல் வந்தவர் இன்னும் ஏறக்குறைய 60 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடும் என்பது பள்ளியில் படித்ததுதான். 60-ல் இருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, மோதும் ஆற்றல் 78 சதவீதம் கூடுகிறது.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே சொல்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, அந்த ஆண்டு சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இதில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள். மொத்த மரணங்களில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகம் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

இந்தச் சாலைகளில் ஏன் கை தானாக முறுக்குகிறது?

வாளையாறு தாண்டியதும் சாலை நேராக, சமமாக, அகலமாக விரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நடுவே இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் அது. கண்ணுக்குத் தடை எதுவும் தெரியாத சாலையில் 80 கூட 50 போலத்தான் தோன்றும். ஆனால் அதே கணவாய் வழியாகத்தான் ஆடி மாதக் காற்றும் வீசுகிறது. லாரியை முந்தி வெளியே வரும் நொடியில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று, காரை விட பைக்கை அதிகம் தள்ளும். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைப் பகுதியில் திரும்பும் கனரக லாரிகள் வேறு.

இதே நெடுஞ்சாலையில் 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரி அருகே பள்ளி மாணவர்களை ஊட்டிக்கு ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து, கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. 9 பேர் இறந்தார்கள். மோதுவதற்கு முன் சுற்றுலாப் பேருந்து சுமார் 97 கி.மீ. வேகத்தில் போனது விசாரணையில் தெரியவந்தது. கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. சாலை நன்றாக இருப்பதால் விபத்து குறைந்துவிடாது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இடுக்கிப் பக்கம் கதை வேறு. போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும், அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட சுமார் 42 கி.மீ. மூணாறு சாலை. பழைய குறுகலான சாலையில் பயந்து ஓட்டியவர்களுக்கு இது தாராளமாகத் தெரிகிறது. ஆனால் மழை, மூடுபனி, மண் சரிவு எதுவும் மாறவில்லை. ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் நிற்க எடுக்கும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். இறக்கத்தில் இன்னும் கூடும். இறங்கும்போது நியூட்ரலில் விடாமல், ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய பாடம். தொடர்ந்து பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பு குறையும்.

போலீஸ் கை காட்டினால் என்ன செய்ய வேண்டும்?

முதலில், கை காட்டுவது யார் என்று தெரிய வேண்டும். கேரளாவில் போலீஸும் சோதனை செய்வார்கள், மோட்டார் வாகனத் துறை ஆய்வாளர்களும் செய்வார்கள். இருவருமே காக்கிதான். இருவருக்குமே அதிகாரம் உண்டு.

இண்டிகேட்டர் போட்டு, இடது ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். வண்டியை அணைத்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பேசினால் பாதிப் பதற்றம் இரண்டு பக்கமும் குறையும். மொழி பற்றிக் கவலை வேண்டாம். பாலக்காடு, இடுக்கி எல்லையில் பணியில் இருப்பவர்களில் பலருக்குத் தமிழ் புரியும்.

சட்டப்படி விஷயங்கள் இவை:

- சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் (பிரிவு 130). ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழும் கையோடு இருக்கட்டும்.
- டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் செயலியில் உள்ள ஆவணங்கள் அசலுக்குச் சமம். 2018-ல் மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்டதில் இருந்து இது இந்தியா முழுவதற்கும் பொருந்தும். கேலரியில் இருக்கும் போட்டோவோ வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கேன் காப்பியோ இதில் சேராது. மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் அடிவாரத்திலேயே செயலியைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.
- ஓர் அதிகாரி அபராதம் வசூலித்து அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ள, மாநில அரசு அவருடைய பதவிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்க வேண்டும் (பிரிவு 200). பணம் கட்டினால் இ-சலான் ரசீது கட்டாயம் வாங்குங்கள்.
- உடனே கட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சலானைப் பெற்றுக்கொண்டு ஆன்லைனில் கட்டலாம், அல்லது நீதிமன்றத்தில் சந்திக்கிறேன் என்று சொல்லலாம்.
- அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல், ஹெல்மெட் இல்லாமை போன்ற குற்றங்களில் உரிமத்தைப் பறிமுதல் செய்ய அதிகாரம் உண்டு (பிரிவு 206). அப்படி எடுத்தால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும்.
- வண்டிச் சாவியைப் பிடுங்கலாம் என்று சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

"ரசீது வேண்டாம்னா பாதி குடுங்க" என்ற பேரம் வந்தால், அந்தப் பாதியும் உங்கள் பணம்தான். 2025 ஜனவரியில் கேரள விஜிலன்ஸ் துறை, வாளையாறு உள்ளிட்ட பாலக்காடு எல்லையில் இருக்கும் மோட்டார் வாகனத் துறைச் சோதனைச் சாவடிகளில் திடீர் சோதனை நடத்தி, கணக்கில் வராத பணத்தைப் பிடித்தது. கேரளாவில் லஞ்சப் புகாருக்கான இலவச எண் 1064.

நிற்காமல் போய்விட்டால்?

இந்த விஷயத்தில் உயிர்கள் போன இடம் இதுதான். ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை, நின்றால் ஃபைன், "சந்துல திரும்பிடலாம்" என்று ஒரு நொடியில் எடுக்கும் முடிவு. எதிர்ப்பக்கம், "நம்மை ஏமாத்திட்டுப் போறானா?" என்ற கோபம்.

2018 மார்ச் 7 அன்று திருச்சி திருவெறும்பூர் அருகே நடந்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியின் பைக்கைப் போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் விரட்டிப் போய் உதைத்ததாகக் குற்றச்சாட்டு. பின்னால் அமர்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். ஆயிரக்கணக்கானோர் சாலையை மறித்தனர். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். தொடங்கியது ஒரு ஹெல்மெட்டில்.

கேரளாவில் 2019 நவம்பரில், சோதனையில் நிற்காமல் போக முயன்று விபத்தில் சிக்கிய இளைஞர் ஒருவரின் ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ராஜா விஜயராகவன் அந்த வழக்கில் போலீஸுக்குத் தெளிவாகச் சொன்னார்: ஹெல்மெட் போடாதவரைப் பிடிக்க சாலை நடுவில் பாயக் கூடாது, உடல் பலத்தால் தடுக்கக் கூடாது, விரட்டக் கூடாது. கேமராவில் பதிவு செய்யலாம், வண்டி எண்ணைக் குறித்து வயர்லெஸ்ஸில் சொல்லலாம். வாகனச் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று மாநிலக் காவல்துறைத் தலைவர் 2012-லேயே சுற்றறிக்கை விட்டிருந்ததையும் நீதிமன்றம் நினைவூட்டியது.

அந்த உத்தரவு வந்து சில நாட்களிலேயே, கொல்லம் மாவட்டம் கடைக்கல்லில் ஹெல்மெட் இல்லாமல் வந்த இளைஞர் மீது போலீஸ்காரர் ஒருவர் லத்தியை வீசியதாகப் புகார் எழுந்தது. பைக் நிலை தடுமாறி, சபரிமலை பக்தர்கள் வந்த காரில் மோதியது. இளைஞர் படுகாயம் அடைந்தார். அந்தப் போலீஸ்காரர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்.

விரட்டக் கூடாது என்றால் நிற்காமல் போகலாம் என்று அர்த்தமா? இல்லை. அதிகாரியின் சட்டப்பூர்வ உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் போவது தனிக் குற்றம், பிரிவு 179-ன்படி 2,000 ரூபாய் வரை அபராதம். தப்பிக்கும் வேகத்தில் யார் மீதாவது மோதினால் அது போக்குவரத்துக் குற்றம் என்ற எல்லையைத் தாண்டிவிடும். அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. வண்டி எண் எப்படியும் பதிவாகிவிடும் காலத்தில், ஓடுவதால் 500 ரூபாய்கூட மிச்சமாவதில்லை.

அபராதம் எவ்வளவு?

2019 செப்டம்பர் 1-ல் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அபராதங்கள் பல மடங்கு உயர்ந்தன. எதிர்ப்பு வந்ததும் கேரளா உள்ளிட்ட மாநிலங்கள் சிலவற்றைக் குறைத்தன. கேரளாவில் பைக்குக்கு முக்கியமானவை:

- ஹெல்மெட் இல்லாவிட்டால் ரூ.500 (தமிழ்நாட்டில் ரூ.1,000). பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் 2019 டிசம்பர் 1 முதல் கட்டாயம்.
- அதிவேகம்: ரூ.1,500
- ஓட்டும்போது மொபைல்: ரூ.2,000

சட்டத்தில் உள்ளபடி, உரிமம் இல்லாமல் ஓட்டினால் ரூ.5,000. இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் ரூ.2,000. சாலையில் ரேஸ் விட்டால் முதல் முறை ரூ.5,000 வரை. ஆபத்தாக ஓட்டினால் ரூ.1,000 முதல் 5,000 வரை, அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. விதிமீறி மாற்றிய சைலன்ஸருக்கு ரூ.10,000 வரை. 18 வயது நிரம்பாத தம்பியிடம் சாவியைக் கொடுத்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு ரூ.25,000 அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும்.

வீட்டுக்கு சலான் வந்தால்?

கேமரா பதிவு செய்த குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது 2021-ல் சேர்க்கப்பட்ட விதி 167ஏ. கேமரா இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் தரச் சான்று புதுப்பிக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. நோட்டீஸில் படம், நேரம், இடம் இருக்கும். வண்டி உங்களுடையதா, எண் சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தவறு இருந்தால் அதே தளத்தில் புகார் செய்யலாம். நண்பர் ஓட்டியிருந்தால் யார் ஓட்டினார் என்ற தகவலைத் தருவது உரிமையாளரின் கடமை.

தமிழ்நாட்டு வண்டி என்பதால் கேரள சலான் காணாமல் போய்விடாது. எல்லாமே ஒரே பரிவாஹன் தளத்தில்தான் இருக்கின்றன. வண்டியை விற்கப் போகும்போது நிலுவை குறுக்கே வந்து நிற்கும்.

இன்னொரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் "உங்கள் சலான்" என்று ஏபிகே ஃபைல் வந்தால் தொடாதீர்கள். அது பணம் திருடும் மோசடி. அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடியும். அதை நீங்களே டைப் செய்து பாருங்கள்.

ரீல்ஸுக்காக முறுக்கினால்?

2022 செப்டம்பரில் யூடியூபர் டிடிஎஃப் வாசன், ஜி.பி.முத்துவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோவையில் பாலக்காடு சாலையில் வேகமாகப் போன வீடியோ பரவியது. கோவை போலீஸ் வழக்குப் பதிந்தது. ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பர் 17-ல் காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று விழுந்ததாக அவர் கைது செய்யப்பட்டார். உயர் நீதிமன்றம் முதலில் ஜாமீன் மறுத்தது. நவம்பர் 1-ல்தான் கிடைத்தது. அதற்குள் அவருடைய ஓட்டுநர் உரிமத்தை 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்து போக்குவரத்து அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். விருப்பக்குறிக்காக எடுக்கும் வீடியோவே வழக்கில் சாட்சியாகவும் மாறும்.

வேலை, இஎம்ஐ என்று இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. தன் சொந்த அதிவேகத்தாலும் அலட்சியத்தாலும் விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் மோட்டார் விபத்து இழப்பீடு தர வேண்டியதில்லை என்ற கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு. அது உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்

எல்லை தாண்டியதும் 60, ஊருக்குள் 50. இடது பாதை. இரண்டு தலைக்கும் ஹெல்மெட். போனில் டிஜிலாக்கர். கை காட்டினால் நிற்பது. தவறு உங்களுடையது என்றால் ரசீது வாங்கிக்கொண்டு கட்டுவது, இல்லை என்றால் எழுத்தில் மறுப்பது. ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை. வேகத்தால் மிச்சமாகும் ஆறு நிமிடத்தில் இருந்து அதைக் கழித்துக்கொண்டாலும், மூணாறில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.